குளத்துத் தண்ணீரும் என் காலும்

5 மார்ச் 1936, வியாழன்

இன்று பருப்பு மூன்றே கொதியில் வெந்துவிட்டது. கிணற்றுத் தண்ணீரில் போட்டால் மத்தியானம் வரைக்கும் அப்படியே கிடக்கும், அவ்வளவு உப்பு. இவர் தோட்டத்தில் வெட்டின குளத்தை நான் எத்தனை கேலி செய்தாலும், பருப்பு வேகிறபோது வாயை மூடிக்கொள்ள வேண்டியிருக்கிறது. நாலு பக்கமும் கருங்கல் படி, நடுவில் அல்லி. யார் வந்தாலும் முதலில் அங்கேதான் அழைத்துப் போகிறார். கட்டின பெண்டாட்டியைக்கூட யாருக்கும் இவ்வளவு பெருமையாகக் காட்டினதில்லை.

மழைத் தண்ணீர்தானே, வெயிலுக்கு இறங்கிக்கொண்டே போகிறது. பதினோரு படி வெளியே தெரிகிறது. கொஞ்சம் கலங்கல். குடத்துக்குள் தேத்தாங்கொட்டையை உரைத்து விட்டேன், சாயங்காலம் பளிச்சென்று தெளிந்துவிட்டது. இந்த வட்டாரத்தில் எங்கள் வீட்டுத் தண்ணீர் மாதிரிக் கிடையாது என்று அத்தை வருகிறவர்களிடம் சொல்லிக்கொண்டிருந்தார். தெளிய வைத்தவள் பெயரைச் சொல்லவில்லை.

9 மார்ச், திங்கள்

வலது கணுக்காலுக்கு மேல் ஒரு கொப்புளம். அடுப்புத் தணல் பட்டிருக்கும் என்று நினைத்தேன், ஆனால் தணல் பட்ட ஞாபகம் இல்லை. எரிகிறது.

12 மார்ச், வியாழன்

நேற்றெல்லாம் காலில் நெருப்பைக் கட்டி வைத்தது போல இருந்தது. காலையில் தெற்கு வளவுக் குடிசை ஆட்களுக்குத் தண்ணீர் ஊற்றப் போனேன். அவர்கள் எங்கள் படியில் கால் வைக்கக் கூடாது. கரைமேல் குடத்தை வைத்துவிட்டுத் தள்ளி உட்காருவார்கள். வீட்டு மருமகள் இறங்கி மொண்டு வந்து, அவர்கள் குடத்தில் படாமல் உயரத்திலிருந்து ஊற்ற வேண்டும். அத்தை மருமகளாக வந்த நாளிலிருந்து இந்த முறைதான், அப்போது கிணற்றடியில், இப்போது குளத்தில். வேலைக்காரர்கள் யாரையும் அத்தை நம்புவதில்லை.

கடைசிப் படியில் தண்ணீர் கணுக்காலுக்கு மேல் வந்தது. கால் பட்டதும் என்ன சுகம்! அந்த எரிச்சல் அப்படியே அடங்கியது. வேண்டுமென்றே நின்றேன். பதினான்கு குடத்துக்கும் அங்கேயே நின்று மொண்டேன். நடுவில் கொப்புளம் உடைந்தது, தண்ணீரில் பால் கலந்த மாதிரி கொஞ்சம் வெள்ளையாகப் பரவிப் போயிற்று. நல்லதாயிற்று, உடைந்தால் ஆறிவிடும்.

14 மார்ச், சனி

புண்ணிலிருந்து வெள்ளை நூல் ஒன்று எட்டிப் பார்க்கிறது. இழுத்தேன். உயிர் போகிற வலி. நூல் இல்லை அது, புழு.

நரம்புச் சிலந்தி.

15 மார்ச், ஞாயிறு

துணி கட்டி மஞ்சள் பூசிவிட்டேன். கேட்டால் முள் என்று சொல்ல வேண்டியது.

அத்தையிடம் சொல்ல மாட்டேன். போன வருஷம் கிழக்குத் தோட்டத்துக்காரர் மருமகளுக்கு வந்தபோது, ‘கண்ட தண்ணியக் குடிக்கறவளுக்குத்தான் அது வரும், ஊடு சுத்தமா இருந்தா எதுக்கு வருது?’ என்று முகத்துக்கு நேராகக் கேட்டவர். நான் எந்தத் தண்ணீரைக் குடித்தேன்? இந்தக் குளத்துத் தண்ணீரைத் தவிர வேறு தெரியாது எனக்கு.

தினமும் இறங்கித்தான் மொள்ளுகிறேன். தண்ணீரில் வைத்தால் நோவு இல்லை.

6 ஏப்ரல், திங்கள்

ஈர்க்குச்சியில் சுற்றிச் சுற்றி இழுத்தேன், கடைசித் துண்டு போன வாரம் வந்தது. ஒரு முழத்துக்கு மேல். அடுப்பில் போட்டேன். இப்போது ஒரு பொட்டு அளவு தழும்புதான்.

பாப்பாயிக்கும் வந்திருக்கிறது. தெற்கு வளவு வெள்ளியங்கிரியின் பெண்டாட்டி, எங்கள் மாட்டுச் சாளையில் சாணி அள்ளுகிறவள். என்னைவிடப் பத்து வயது மூத்தவள். கெண்டைக்காலில் குச்சியோடு நொண்டி நொண்டி வந்தாள். ஒளிக்கவில்லை. அவளுக்கு ஒளிக்க என்ன இருக்கிறது, எல்லோரும் பார்க்கட்டும் என்பது போல நடக்கிறாள். எனக்குத்தான் வெட்கம்.

21 ஏப்ரல், செவ்வாய்

சுகாதார இன்ஸ்பெக்டர் கந்தப்பன் நாமக்கல்லிலிருந்து சைக்கிளில் வந்தார். ஊரில் ஒன்பது பேருக்குச் சிலந்தி, எழுதிக்கொண்டு போக வந்தாராம். இவர் வழக்கம் போலக் குளத்தைக் காட்ட அழைத்துப் போனார். நான் மோரோடு போய்க் கரையில் நின்றேன்.

இன்ஸ்பெக்டர் அல்லியைப் பார்க்கவே இல்லை. கண்ணாடி டம்ளர் கேட்டு வாங்கி, தண்ணீரை மொண்டு வெயிலுக்கு நேராகப் பிடித்தார். ‘பாருங்க’ என்றார். நான் தெளிய வைத்த தண்ணீரை விடத் தெளிவு. பிறகுதான் தெரிந்தது. ஊசி முனையளவு வெள்ளைப் புள்ளிகள், விட்டு விட்டுத் துள்ளிக்கொண்டிருந்தன. இத்தனை நாள் நான் பார்த்ததே இல்லை. இருபத்தி மூன்று எண்ணினார்.

‘இது தெள்ளுப்பூச்சிங்க. சிலந்தி வந்த காலைத் தண்ணியில வெச்சா, சிலந்தி குஞ்சைக் கக்கும். அதை இந்தப் பூச்சி முழுங்கும். பூச்சியோட நாம குடிக்கறோம். சரியா ஒரு வருஷம் உள்ளுக்குள்ள வளர்ந்து, அடுத்த பங்குனியில காலைப் பொத்துக்கிட்டு வரும். யாரோ சிலந்திக் காலோட இந்தப் படியில எறங்கியிருக்காங்க. படியே கூடாதுங்க. சுவரெழுப்பிக் கப்பி போட்டு எறைங்க.’

இவர் முகம் சுண்டிப்போயிற்று. ‘என்ற குளத்துல யாருங்க எறங்கறது?’

மோர்ச் சொம்பைக் கீழே வைத்து, சேலையைக் கணுக்கால் மூடும்படி இழுத்துவிட்டுக்கொண்டேன். யாரும் பார்க்கவில்லை.

போகும்போது இன்ஸ்பெக்டர் என்னைக் கேட்டார், ‘நீங்க எழுதப் படிக்கத் தெரிஞ்சவங்களா? தினம் ஒரு டம்ளர் மொண்டு, வெயில்ல புடிச்சு எண்ணி எழுதி வெய்யுங்க. குடிக்கற தண்ணியை ரெட்டை மடிப்பு வேட்டியில வடிகட்டுங்க.’ எட்டாவது வரை படித்ததற்கு நல்ல உத்தியோகம்தான் கிடைத்தது.

22 ஏப்ரல், புதன்

பாப்பாயியைத் துரத்திவிட்டார்கள்.

அத்தைதான் ஆரம்பித்தார். விடியற்காலையில் யாரும் இல்லாத நேரத்தில் வந்து படியில் இறங்கிக் காலை நனைத்திருக்கிறாள் என்று. பார்த்தவர் யார்? ஒருவரும் இல்லை. காலில் குச்சி இருக்கிறதே, அது போதாதா? இவரும் கத்தினார். அவள் சாளை வாசலில் சாணிக் கையோடு நின்று, ‘அந்தப் படியில நான் கால் வெச்சதே இல்லீங்களே சாமி. குடத்தக்கூட கரையிலதானுங்க வெப்பேன்’ என்று சொல்லிக்கொண்டே இருந்தாள்.

பிறகு என்னைப் பார்த்தாள். முகத்தைப் பார்க்கவில்லை. என் காலைப் பார்த்தாள்.

தெற்கு வளவுக்கு இனிமேல் தண்ணீர் ஊற்றவும் கூடாதாம். மேற்கே ஒரு மைலில் ரோட்டோரக் கிணறு, கயிறு விட்டு மொள்ளுகிற சேந்து கிணறு, அங்கே போகட்டும்.

நான் வாயைத் திறக்கவில்லை. எழுதி வைக்கிறேன், வேறென்ன செய்ய? வாயைத் திறக்கவில்லை.

23 ஏப்ரல்

பத்தொன்பது.

24 ஏப்ரல்

இருபத்தாறு. பார்த்திருப்பாளா? மூன்று வாரம் காலில் துணி கட்டிக்கொண்டு அவள் கண்ணெதிரேதானே இறங்கி ஏறினேன்.

3 மே, ஞாயிறு

பூச்சி சாகட்டும் என்று ஆறு மூட்டைச் சுண்ணாம்பு கொட்டினார்கள். குளம் பால் மாதிரி வெளுத்துக் கொதித்தது. சாயங்காலத்துக்குள் அல்லி எல்லாம் சுருண்டுவிட்டது. இவர் பக்கத்தில் உட்கார்ந்து ஒவ்வொரு இலையாக எடுத்துப் போட்டார். ‘படியை இடிக்க மாட்டேன். என்ன ஆனாலும் இடிக்க மாட்டேன்’ என்றார். யாரும் இடிக்கச் சொல்லவில்லை அப்போது. இன்ஸ்பெக்டர் போய்ப் பத்து நாளுக்கு மேல் ஆகிறது.

13 மே, புதன்

ஒன்று. அதுவும் தூசியோ என்னவோ.

எண்ணிக்கை குறைந்தால் சந்தோஷப்பட வேண்டும். ஆனால் மார்ச்சிலும் ஏப்ரலிலும் குடித்தது எங்கே போகும்? என் பெண் கமலவேணி குடித்தாள். ஆறு வயசுக் குழந்தை. விளையாடிவிட்டு வந்து மடக் மடக்கென்று, டம்ளரைக் கவிழ்த்து, இன்னொன்று ஊத்து என்று கேட்பாள். நான்தான் ஊற்றினேன். அத்தை, இவர், தெற்கு வளவில் பதினான்கு குடம், எல்லாம் என் கையால்.

8 ஜூன், திங்கள்

மோகனூர் ஆற்றிலிருந்து இரண்டு தகரத்தில் கெண்டைக் குஞ்சு கொண்டு வந்தார். மீன் இருந்தால் தெள்ளுப்பூச்சியைத் தின்றுவிடும் என்று இன்ஸ்பெக்டர் கடுதாசி எழுதியிருந்தார். சுண்ணாம்புக் காரம் போய்விட்டதா என்று பார்க்க முதலில் சட்டியில் குளத்துத் தண்ணீரை மொண்டு நாலு குஞ்சை விட்டு, ஒரு பகல் முழுக்க வைத்திருந்தேன். சாகவில்லை. பிறகுதான் மற்றதை விட்டோம். இந்த யோசனை என்னுடையது. இவர் தன்னுடையது என்று சொல்லிக்கொண்டிருக்கிறார், போகட்டும்.

2 ஜூலை, வியாழன்

மூன்று. வடிகட்டுகிற துணியை அத்தை அடுப்புத் துடைக்க எடுத்துவிட்டார். கத்திவிட்டேன். மாமியாரிடம் குரல் உயர்த்தினது இதுதான் முதல் தடவை. ‘ஏம் புள்ள, தண்ணிப் பைத்தியம் புடிச்சிருச்சா உனக்கு?’ என்றார். பிடித்துத்தான் இருக்கிறது.

19 அக்டோபர், திங்கள்

நல்ல மழை. ஓடைத் தண்ணீர் வந்து படி எல்லாம் மூழ்கிவிட்டது. கலங்கல் அடங்கவே நாலு நாள் ஆயிற்று. எண்ணிக்கை பன்னிரண்டு. புதுத் தண்ணீரோடு வந்த பூச்சி, குஞ்சு இருக்காது என்று எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன். இருந்தாலும் இரண்டு தரம் வடிகட்டினேன்.

பாப்பாயி ரோட்டில் எதிரே வந்தாள். தலையில் ஒன்று, இடுப்பில் ஒன்று, மழையிலும் ஒரு மைல் நடந்து அந்த உப்புத் தண்ணீர். ஒதுங்கி நின்று வழி விட்டாள். என்ன பேசுவது? ‘நல்லா இருக்கியா?’ என்று கேட்டேன். கேட்டிருக்கவே வேண்டாம்.

‘இருக்கறனுங்க’ என்றாள்.

22 நவம்பர், ஞாயிறு

இவரிடம் சொல்லிவிட்டேன்.

கடலைக்காய் காயப்போட்டுக்கொண்டிருந்தோம், வேறு யாரும் இல்லை. சேலையைத் தூக்கித் தழும்பைக் காட்டி, மார்ச் பன்னிரண்டு, கடைசிப் படி, வெள்ளையாகப் பரவினது, எல்லாம் சொன்னேன். காய்களைப் பரப்பிக்கொண்டே இருந்தார். பரப்பினதையே திரும்பத் திரும்பப் பரப்பினார்.

‘யாருகிட்டயாச்சும் சொன்னயா?’

‘இல்லீங்க.’

‘சொல்லாத.’

‘பாப்பாயி?’

‘அவளுக்கு வேற தோட்டத்துல வேலை கெடைக்காமயா போயிரும்? உன்ற பேரு கெட்டா இந்த ஊட்டுப் பேரு. அம்மாவுக்குத் தெரிஞ்சா உன்னைய இந்த ஊட்டுல வெச்சிருப்பாங்கன்னு நெனைக்கறயா?’

என்னைத் திட்டுவார் என்று ஏழு மாதம் பயந்துகொண்டிருந்தேன். திட்டவே இல்லை. திட்டியிருந்தால் தேவலை. இப்போது இரண்டு பேர் சேர்ந்து ஒளிக்கிறோம், அவ்வளவுதான் வித்தியாசம்.

20 ஜனவரி 1937, புதன்

பூச்சி இல்லை. மீன் பெருத்திருக்கிறது.

கமலவேணிக்கு எண்ணெய் தேய்க்கிறேன் என்று சாக்குச் சொல்லி இரண்டு காலையும் விரல் விரலாகப் பார்த்தேன். கிச்சுக் கிச்சு மூட்டுகிறேன் என்று நினைத்துச் சிரித்தாள்.

14 பிப்ரவரி, ஞாயிறு

ஒன்றும் இல்லை, காலில்.

28 பிப்ரவரி, ஞாயிறு

ஒன்றும் இல்லை. மார்ச் பன்னிரண்டுக்கு இன்னும் பன்னிரண்டு நாள். இப்படி நாள் எண்ணுவது தப்பு, குடித்தது ஒரு நாளா? ஆனாலும் எண்ணுகிறேன்.

11 மார்ச், வியாழன்

வந்துவிட்டது.

இடது பாதத்தில், சுண்டு விரலுக்குப் பக்கத்தில். காலையில் எழுந்ததும், ‘அம்மா, இங்க சுடுது’ என்று காலைத் தூக்கிக் காட்டினாள். பார்த்ததுமே தெரிந்துவிட்டது. அதே மாதிரி, அதே நிறம். குளத்துக்கு ஓடப் பார்த்தாள், காலை நனைக்க. பிடித்து இழுத்து முதுகில் ஓர் அறை வைத்தேன். ஏன் அடித்தேன் என்று அவளுக்குத் தெரியாது. அழுதுகொண்டே, ‘தண்ணியில வெச்சா நல்லா இருக்கும்மா’ என்கிறாள். எனக்குத் தெரியாதா கண்ணு? எனக்குத் தெரியாதா?

வாளியில் தண்ணீர் கொண்டு வந்து வீட்டிலேயே காலை வைக்கச் சொன்னேன். வெள்ளையாகப் பரவியது. அந்தத் தண்ணீரைக் கொதிக்க வைத்து, குழி தோண்டி ஊற்றி மூடினேன்.

13 மார்ச், சனி

குச்சியில் அரை அங்குலம் வந்திருக்கிறது. அறுந்துவிடாமல் சுற்ற வேண்டும், அறுந்தால் கால் வீங்கிவிடும். நான் காலைப் பிடித்துக்கொள்ள, இவர் சுற்றுகிறார். ஒரு சுற்றுக்கு அவள் போடுகிற சத்தம்… இவர் கண்ணில் தண்ணீர் வந்ததை நான் இதற்குமுன் பார்த்ததில்லை.

அத்தை வாசலில் நின்று மண்ணை வாரித் தூற்றினார், தெற்குத் திசையைப் பார்த்து. ‘எம் பேத்தி காலப் பாருங்க! போன வருசம் அந்தப் பாப்பாயி காலை நனைச்சா, இந்த வருசம் எம் பேத்தி துடிக்கறா! கணக்கு சரியாத்தான இருக்குது!’

கணக்கு சரியாகத்தான் இருக்கிறது அத்தை.

16 மார்ச், செவ்வாய்

அத்தை ஊர்க்கவுண்டரிடம் போய்விட்டார். ஊர்க்கவுண்டர் காளியண்ணன் இவருடைய பெரியப்பாதான். வெள்ளிக்கிழமை மாரியம்மன் கோயில் முன்னால் கூட்டம். வெள்ளியங்கிரிக்கும் முழங்காலில் சிலந்தி வந்து படுத்துவிட்டானாம். அந்த வீடே சிலந்தி வீடு என்று பேசிக்கொள்கிறார்கள். குடும்பத்தோடு ஊரைவிட்டு அனுப்பப் போகிறார்கள். பங்குனி முடிவதற்குள்.

வெள்ளியங்கிரி குடித்ததும் நான் ஊற்றின தண்ணீர்தானே. இதை ஒருத்தரும் யோசிக்க மாட்டேன் என்கிறார்களே.

இவரைக் கேட்டேன், வெள்ளிக்கிழமை என்ன செய்யப் போகிறீர்கள் என்று. மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போய்விட்டார்.

18 மார்ச், வியாழன்

இன்று எண்ணவில்லை. டம்ளரை எடுத்துக் கரைவரை போய்த் திரும்பி வந்துவிட்டேன். தண்ணீர் சுத்தமாகத்தான் இருக்கும். பதினோரு மாதமாகத் தண்ணீரைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

சொன்னால் என்ன ஆகும்? அம்மா வீட்டுக்கு அனுப்பலாம். குழந்தையை என்னோடு விடமாட்டார்கள். குச்சியோடு கிடக்கிற குழந்தை.

சொல்லாவிட்டால்? ஐந்து பேர் கொண்ட குடும்பம், நடக்க முடியாதவன் ஒருவன், சட்டி பானையைத் தூக்கிக்கொண்டு எந்த ஊரில் போய் நிற்கும்? சிலந்தி வீடு என்று தெரிந்தால் யார் சேர்ப்பார்கள்?

அவள் என் காலைப் பார்த்த பார்வை.

19 மார்ச், வெள்ளி

எழுத முடிகிறதா என்று பார்க்கிறேன்.

பெண்கள் நாங்கள் கோயில் மதிலோரம் நின்றோம். அவர்கள் தூரத்தில் புளியமரத்தடியில். வெள்ளியங்கிரி நிற்க முடியாமல் உட்கார்ந்திருந்தான். அதற்கே ஒருவர், ‘ஊர்க்கூட்டத்துல உக்காந்திருக்கறான் பாரு’ என்றார். பெரிய மாமனார் அதிகம் பேசவில்லை. ‘ஊருத் தண்ணியக் கெடுத்தவங்க ஊருல இருக்கக் கூடாது. மறுத்துச் சொல்றவங்க யாராச்சும் இருந்தாச் சொல்லுங்க’ என்றார். அப்படிக் கேட்பது ஒரு முறைக்குத்தான். யாரும் சொல்வது வழக்கமில்லை.

நான் நடந்து போனேன். எப்படிப் போனேன் என்று நினைவில்லை. அத்தை முந்தானையைப் பிடித்து இழுத்தது மட்டும் நினைவிருக்கிறது. ஆண்கள் நடுவில் போய் நின்று, சேலையைக் கணுக்காலுக்கு மேல் தூக்கினேன். யாரோ ‘சீ’ என்றார்கள்.

‘பாருங்க பெரிய மாமா. எனக்குத்தானுங்க சிலந்தி வந்துது. போன மாசில வளந்து பங்குனியோட உழுந்துது. முள்ளுன்னு பொய் சொன்னேன். பாப்பாயி அந்தப் படியில கால் வெச்சதில்லீங்க. அவ கால் வெக்கக் கூடாதுன்னுதான் நான் எறங்குனேன். தெனம் பதினாலு குடம், காலைத் தண்ணியில வெச்சு நின்னேன். என்ற புள்ளைக்கு வந்தது என்னாலதான். வெள்ளியங்கிரிக்கும் என்னாலதான். அனுப்பறதுன்னா என்னைய அனுப்புங்க.’

இத்தனையும் சொன்னேனா, பாதியை மனசுக்குள் சொன்னேனா, இப்போது தெரியவில்லை.

பெரிய மாமனார் என்னைப் பார்க்காமல் இவரைப் பார்த்தார். ‘என்ன சரவணமுத்து, புள்ள நோவுல உன்ற பொண்டாட்டிக்குப் புத்தி கலங்கிருச்சா?’

ஆமாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். எல்லாம் முடிந்துவிடும். எனக்கு அப்போது பயம் வந்தது, ஊரைப் பார்த்து இல்லை, இவரைப் பார்த்து. துண்டைத் தோளிலிருந்து எடுத்தார், மடித்தார், மறுபடி போட்டார்.

‘புத்தி நல்லாத்தானுங்க இருக்குது பெரியப்பா. அவ சொல்றது நெசம். எனக்குக் கார்த்திகையிலயே தெரியும்.’

அதற்குப் பிறகு ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை. பெரிய மாமனார் எழுந்து போனார், கூட்டம் கலைந்தது. தீர்ப்பு என்று ஒன்றும் சொல்லவில்லை. புளியமரத்தடியில் இருந்தவர்களிடம் ‘நீங்க போங்க’ என்று சொல்லக்கூட யாரும் இல்லை. அவர்களாக எழுந்து, வெள்ளியங்கிரியைத் தாங்கிக்கொண்டு போனார்கள்.

20 மார்ச், சனி

அத்தை, நான் கொடுத்த காப்பியை வாங்கவில்லை. ஆனால் கமலவேணிக்கு இன்று குச்சியை அவர்தான் சுற்றினார், என் மடியில் குழந்தையைப் படுக்க வைத்து.

2 ஏப்ரல், வெள்ளி

அறுபடாமல் முழுசும் வந்துவிட்டது. குழந்தை ஆறு மணி நேரம் அசையாமல் தூங்கினாள்.

இவர் கல் வேலைக்கு ஆள் சொல்லப் போயிருக்கிறார். படியை இடிக்க.

27 ஏப்ரல், செவ்வாய்

தெற்கு வளவுக்குப் போனேன். கல்யாணமாகி வந்து ஒன்பது வருஷம், இருநூறு அடி தூரம், ஒரு தடவைகூடப் போனதில்லை. பாப்பாயி வாசல் கூட்டிக்கொண்டிருந்தாள். விளக்குமாற்றைக் கீழே வைத்துவிட்டு நின்றாள். உட்காரச் சொல்ல அவளுக்கு வரவில்லை. சொல்லியிருந்தால் எனக்கும் எங்கே உட்காருவது என்று தெரிந்திருக்காது.

வேலைக்கு வா என்றேன். மன்னித்துவிடு என்று சொல்லத்தான் போனேன். அதற்குப் பதிலாக இதைக் கேட்டேன்: ‘என்ற கால்ல துணி கட்டியிருந்ததை நீ பார்த்த இல்ல?’

‘பாத்தனுங்க.’

‘ஏன் சொல்லல?’

‘யாருகிட்டீங்க சொல்றது?’ கோபமாகக் கேட்கவில்லை. நிஜமாகவே, யாரிடம் என்று என்னைக் கேட்பது போல நின்றாள். ‘நீங்களே சொல்லுவீங்கன்னு ஒரு மாசம் பாத்தனுங்க. பொறவு பாக்கறதை உட்டுட்டேன்.’

உள்ளே வெள்ளியங்கிரி இருமினான். அவன் முழங்கால் மடங்கவில்லை இன்னும், சிலந்தி உள்ளேயே அறுந்துவிட்டதாம். இந்த வருஷம் ஏர் பிடிக்க முடியாது.

வேலைக்கு வருவதைப் பற்றி ‘அவரைக் கேட்டுச் சொல்றனுங்க’ என்றாள். திரும்பி வந்தேன். ஒரு பாரமும் இறங்கவில்லை. சொல்லிவிட்டால் இறங்கிவிடும் என்று யார் சொன்னது?

18 மே, செவ்வாய்

நாலு பக்கப் படியையும் எடுத்தாயிற்று. அந்தக் கல்லிலேயே இடுப்பு உயரத்துக்குச் சுற்றுச்சுவர். இன்ஸ்பெக்டர் வந்து பார்த்து, டம்ளரைத் தூக்கிப் பிடித்து, வெகு நேரம் தேடி, ‘ஒண்ணுமில்லீங்க’ என்றார். என் நோட்டை வாங்கிப் புரட்டினார். எண்கள் இருக்கிற பக்கங்களை மட்டும் காட்டினேன்.

தெற்கு வளவுக்குத் தண்ணீர் மறுபடி உண்டு. ஆனால் யார் கயிற்றை யார் தொடுவது என்று வீட்டில் மூன்று நாள் சண்டை. ஒரே கப்பி போதும், தண்ணீர் ஒன்றுதானே என்று நான் சொன்னேன். அத்தை சாப்பாட்டை நிறுத்திவிட்டார். கடைசியில் இவர் வடக்குச் சுவரில் எங்களுக்கு ஒன்று, தெற்குச் சுவரில் அவர்களுக்கு ஒன்று என்று இரண்டு கப்பி போட்டார். அத்தை சாப்பிட்டார். நான் சாப்பிடவில்லை, ஒரு வேளை. பிறகு பசித்தது.

14 ஜூன், திங்கள்

காலையில் எண்ணிக்கைக்குப் போனேன். ஒன்றும் இல்லை. தெளிவு.

பாப்பாயி வந்திருந்தாள். வேலைக்கு இல்லை, கிழக்குத் தோட்டத்தில் சேர்ந்துவிட்டாளாம். தண்ணீருக்கு வந்திருந்தாள். பழக்க தோஷம், நான் போய் அவள் குடத்துப் பக்கத்தில் நின்று மொண்டு ஊற்றக் கையை நீட்டிவிட்டேன். அவள் அதற்குள் வாளியை உள்ளே விட்டிருந்தாள். தெற்குக் கப்பி கிறீச்சிட்டது. மேலே வந்த வாளியை அவளே பிடித்து, அவளே தன் குடத்தில் சாய்த்தாள்.

‘தள்ளி நில்லுங்க ஆத்தா’ என்றாள், என்னைப் பார்க்காமல். ‘கால்ல தண்ணி படும்.’

நான் தள்ளி நின்றேன்.